பாபநாசம் வரைக்கும் ஒரு டிக்கெட்

இதைப் படிக்கிறவர் யாருக்காவது வயிற்றில் புதுத் தையல் இருந்தால், முதலில் ஒரு தலையணையை எடுத்து வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள். பிறகு படிக்கலாம். இருமல், தும்மல், சிரிப்பு மூன்றும் தையலுக்கு ஒன்றுதான். அமுக்கிப் பிடிக்காவிட்டால் உள்ளே யாரோ அரிவாளை வைத்துத் திருகுவது போலிருக்கும். நர்ஸம்மா எனக்கு இதைச் சொன்னபோது, 'நான் கிடக்கிற கிடையில் சிரிப்பு வேறயா' என்று அலட்சியமாக இருந்துவிட்டேன். அன்று சாயங்காலமே, மயக்கம் முழுசாகத் தெளியாத பக்கத்துக் கட்டில்காரர் அதே நர்ஸம்மாவை 'அத்தே' என்று கூப்பிட்டு, "வீட்டு மாப்பிள்ளைக்கு ஒரு காப்பி கெடையாதா? மரியாத இவ்வளவுதானா?" என்று சண்டைக்கு நின்றார். நான் சிரித்தேன். ஒரே நேரத்தில் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் அம்மையைக் கூப்பிட்டுக்கொண்டும் ஒரு மனிதன் இருக்க முடியும் என்பதை அந்த வார்டு அன்றுதான் பார்த்தது.

நான் தனியார் பஸ் கண்டக்டர். திருநெல்வேலி புதிய பஸ் நிலையத்திலிருந்து பாபநாசம், பாபநாசத்திலிருந்து திரும்பத் திருநெல்வேலி. விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரை இதுதான் பிழைப்பு. பெயர் சுடலைமுத்து. வயது ஐம்பதுக்குப் பக்கத்தில். நாள் முழுக்க நின்றுகொண்டே பார்க்கிற வேலை, வாயும் உட்காராது. படியில் தொங்குகிற பயல்களிடம், "உள்ள வாங்கலே, மாமியார் வீட்டுக்கா வந்திருக்கிய, வாசல்லயே வெக்கப்பட்டு நிக்கதுக்கு?" என்று ஆரம்பித்தால், கடைசி ஸ்டாப்பில் வண்டி காலியாகிற வரை ஓடும்.

இப்படி ஒரு கோமாளிப் பெயரைச் சம்பாதித்து வைத்ததன் பலன், ஒருநாள் பாபநாசத்திலிருந்து திரும்புகையில் வீரவநல்லூர் தாண்டினபோது தெரிந்தது. சில மாதமாகவே வயிறு சரியில்லை. சட்டை தொளதொளத்தது. ஓமத்தண்ணீரும் கோலி சோடாவுமாகச் சமாளித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத் திடீரென்று அடிவயிற்றைப் பிடித்துத் துணி பிழிவது போலப் பிழிந்தது. நடுப்பாதையில் சுருண்டு விழுந்தேன். பஸ் மொத்தமும் சிரித்தது.

டிரைவர் பரமசிவன் அண்ணாச்சி கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, "ஏலே, வேசம் போட்டது போதும், எந்தி. சேரன்மாதேவி வரப் போகுது" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. ஒரு பொம்பளைதான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அய்யோ, நெசமாலுமேல்லா துடிக்கான்" என்று கத்தினாள். அதற்குப் பிறகு அண்ணாச்சி எந்த நிறுத்தத்திலும் வண்டியை நிறுத்தவில்லை. பத்தமடையில் இறங்க வேண்டிய பாய் வியாபாரி ஒருவர், விற்றது போக மீந்த புதுப்பாயை விரித்து என்னை அதில் கிடத்தி, தன் ஊர் பின்னால் போவதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி வாசல் வரை கூடவே வந்தார். ஒரு பயணிகூட முணுமுணுக்கவில்லை. இறங்கும்போது எல்லோருக்கும் மீதித் தூரத்துக்குத் திரும்பி வர டிக்கெட் யார் தருவார் என்று எனக்கு ஒரு கவலை வந்தது. வலியில் மனிதனுக்கு என்னென்ன தோன்றும் பாருங்கள்.

ஸ்கேன் எடுத்தார்கள். குடல் அடைப்பு என்றார் டாக்டர். சிறுகுடலும் பெருங்குடலும் சேருகிற இடத்தில் ஒரு கட்டி வழியை மறித்து நிற்கிறதாம். பின்னால் வருகிறது எதுவும் தாண்ட முடியாமல் தேங்கிவிட்டதாம். கல்லிடைக்குறிச்சிப் பாலத்தின் வாயில் ஒரு கரும்பு லாரி குறுக்கே நின்றால் எப்படியோ அப்படி. லாரியை எடுக்க வேண்டும், கொஞ்சம் ரோட்டையும் சேர்த்து வெட்டியெடுத்து இரண்டு முனையையும் தைக்க வேண்டும், இப்போதே செய்ய வேண்டும். எனக்குப் பயத்தில் வாய் நிற்கவில்லை. மயக்க மருந்து கொடுக்க வந்த டாக்டரிடம், "சார், ஸ்டாப்பிங் வந்ததும் எழுப்பி விட்டிருவியளா?" என்று கேட்டேன். அவர் முகக்கவசத்துக்குள்ளிருந்து, "டிக்கெட் எடுத்திருக்கியள்லா? எழுப்பிருவோம்" என்றார். நம்முடைய ஆள்தான் என்று நிம்மதியாகக் கண்ணை மூடினேன்.

எழுப்பினார்கள். எழுப்பின பிறகுதான் நிஜமான தொந்தரவு ஆரம்பித்தது. ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிது. எடுத்த கட்டிய டெஸ்டுக்கு அனுப்பியிருக்கோம். ரிசல்ட் வரட்டும், பாப்போம்" என்றார். வெட்டியெடுத்த சதையை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, பூதக்கண்ணாடியில் வைத்து அது என்ன ஜாதிக் கட்டி என்று பார்ப்பார்களாம். பயாப்ஸி என்று பெயர். 'பாப்போம்' என்றாரே, அந்த ஒரு சொல்லை நான் அந்த வார்டில் எத்தனை விதமாக உருட்டிப் பார்த்தேன் என்பதற்குக் கணக்கில்லை. 'நல்லபடியாப் பாப்போம்' என்று ஏன் சொல்லவில்லை? ஏன் அப்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்? புற்று என்ற வார்த்தையை யாருமே சொல்லவில்லை. எல்லோரும் அதை மட்டும் கவனமாகத் தாண்டித் தாண்டிப் போனார்கள், ரோட்டில் கிடக்கிற பாம்பைத் தாண்டுகிற மாதிரி.

என் வீட்டுக்காரி பார்வதி கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தாள். எனக்குக் காலை ஓரிடத்தில் வைத்திருக்க முடியவில்லை. நின்றே பழகின கால். படுக்க வைத்தால் தானாக ஆடுகிறது. அவள் கையை மேலே நீட்டி என் பெருவிரலைப் பிடித்துக்கொள்வாள். ஆட்டம் நின்றால் தூங்கிவிட்டேன் என்று அவள் தூங்குவாள். அதனால், தூக்கம் வராதபோதும் நான் காலை ஆட்டாமல் வைத்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கடினமான உடற்பயிற்சி அது. அவள் தம்பி இசக்கி, பேட்டையில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவன், மருந்துச் சீட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தான். பில்லைக் காட்டச் சொன்னால் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, "அது எம்பாடு அத்தான். நீங்க மொதல்ல காத்து பிரியுதான்னு பாருங்க" என்பான். ஆமாம், குடலைத் தைத்த பிறகு காற்று பிரிந்தால்தான் வழி திறந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம்தான் குடிக்கத் தண்ணீரே தருவார்கள். என்னுடைய அந்தச் செய்தி வந்த அன்று வார்டே கைதட்டியது. அவ்வளவு பெரிய கைதட்டல் எனக்கு எந்தப் பேச்சுக்கும் கிடைத்ததில்லை.

வீட்டுக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் இன்னும் வரவில்லை. ஒருமுறை பார்த்தது போதாது, மதுரையில் இன்னொருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறது என்றார்கள். மூன்று மாதம் பஸ் ஏறக் கூடாது, குடம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது. சிரிக்கவும் கூடாது.

வீட்டில் படுத்திருக்கிறவனுக்குப் பொழுது போக்க உலகம் எத்தனை வழி வைத்திருக்கிறது என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பார்வதி டி.வி.யில் காமெடி சேனல்களையெல்லாம் தடை செய்துவிட்டாள். அழுகிற சீரியல் மட்டும்தான். அதில் ஒருத்தி வாரக் கணக்காக ஒரே மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதுவும் போயிற்று. போனில் வீடியோ பார்க்கலாமென்றால், ஒரு தடவை வயிற்றுக் கட்டி பற்றித் தேடிவிட்டேன்; அதற்கப்புறம் அந்தப் போன் எனக்குக் காட்டினதெல்லாம் கல்லறை வாசல்தான். பார்க்க வந்தவர்களும் அப்படியே. ரொட்டியும் ஹார்லிக்ஸும் வைத்துவிட்டு, "எங்க சித்தப்பாவுக்கும் இதே எடத்துலதான்" என்று ஆரம்பிப்பார்கள். சித்தப்பா கதை எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும்.

மிச்சமிருந்தது எங்கள் பஸ். வீடு முன்னீர்பள்ளம் தாண்டி, பஸ் போகிற ரோட்டின் மேலேயே இருக்கிறது. ஒவ்வொரு நடைக்கும் அண்ணாச்சி என் வீட்டு வாசலில் ஹாரன் கொடுப்பார். இரண்டு சின்னது, ஒரு நீளம். 'படுத்திருக்கியாலே, நல்லாப் படு' என்று அதற்கு அர்த்தம். நான் கண்ணை மூடிக்கொண்டு வண்டியோடு போவேன். இப்போது தருவை. இப்போது பத்தமடை, பாய்க்கட்டு ஏறும். இப்போது சேரன்மாதேவி, பள்ளிக்கூடப் பிள்ளைகள். என் இடத்தில் வந்திருக்கிற புதுக் கண்டக்டர் யாரிடம் ஏமாறுவான் என்று யோசித்துச் சந்தோஷப்படுவேன்.

ஒருநாள் அப்படி வாய்விட்டே, "சேரன்மாதேவி எறங்கு, சேரன்மாதேவி!" என்று கூவிக்கொண்டிருந்தபோது, கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"வே கண்டக்டரு! வண்டி முக்கூடல் போவுமா?"

பி.டி. சார். எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி, ரோடு வளைகிற இடத்தில் அவர் வீடு. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நெஞ்சில் இன்னமும் விசில் தொங்கும். நானும் விசில்காரன், அவரும் விசில்காரர். அந்த உரிமையில் என்னைவிட மூத்தவர் என்றாலும் வே, போவே என்றுதான் பேச்சு.

"போவாது சார். பாபநாசம் வண்டி."

"பின்ன எதுக்குவே ஏறச் சொன்னீரு?"

"நான் எப்பம் ஏறச் சொன்னேன்?"

"ஏறினவன எறக்கி விடுதீராக்கும்? ஓனரு நம்பர் குடும்."

இப்படித்தான் அந்த பஸ் ஓட ஆரம்பித்தது. மெஷின் வந்த பிறகு தேவையில்லாமல் கிடந்த பழைய டிக்கெட் கட்டு ஒன்றைப் பார்வதி பரணிலிருந்து எடுத்துத் தந்தாள். காலை டிபனுக்குப் பிறகு சார் வருவார், நாற்காலியில் உட்காருவார், தினமும் ஒரு பயணி. ஒருநாள் பலாப்பழத்தோடு ஏறின கிழவி: லக்கேஜ் கேட்டால், "மடியில இருக்க பிள்ளைக்கு டிக்கெட் உண்டுமாய்யா?" என்றாள். இன்னொரு நாள் துபாயிலிருந்து வந்த மேலப்பாளையத்து மாப்பிள்ளை: ஏ.சி. எங்கே, தண்ணீர் பாட்டில் எங்கே, படுக்கை விரிப்பு எங்கே என்று தருவை வருமுன் என்னைக் கொன்றுவிட்டான். ஒருநாள் செக்கிங் இன்ஸ்பெக்டர். ஒருநாள் குலசை தசராவுக்கு வேஷம் கட்டிக்கொண்டு காளி மாதிரி நாக்கை நீட்டிக்கொண்டே அரை டிக்கெட் கேட்டார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனுஷன், அவர் நாக்கை நீட்டினதைப் பார்த்து பார்வதி சமையலறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள்.

ஒரே ஒரு சட்டம்: கண்டக்டர் சிரிக்கக் கூடாது. சிரித்தால் சார் விசிலை ஊதி, "வண்டி பிரேக்டவுன். எல்லாரும் எறங்கு!" என்று எழுந்துவிடுவார். நான் தலையணையை வயிற்றோடு கட்டிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, கண்ணில் தண்ணீர் வடிய, முறைப்பாக டிக்கெட் கிழிப்பேன். அந்த நேரத்தில் மட்டும் என் வயிற்றில் இருந்தது என்ன கட்டி என்ற கேள்வி வண்டியில் ஏறாது. அவர் எழுந்து, "வாரேம்வே, நாளைக்குப் பாப்போம்" என்று வாசல் தாண்டினதும் அது வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும்.

அந்த வெள்ளிக்கிழமை சார் வேஷம் எதுவும் போடவில்லை.

"இன்னைக்கு யாரு சார்?"

"இன்னைக்கு நான்தாம்வே. பாபநாசம் ஒண்ணு. அருவியில குளிச்சி எம்புட்டு நாளாச்சி."

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஜன்னல் ஓரம் வேண்டும் என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டார். வீரவநல்லூர் தாண்டி, கல்லிடைக்குறிச்சிக்குள் நுழைந்து, அப்பளம் காய்கிற வாசல்களையெல்லாம் நான் வர்ணித்துக்கொண்டிருக்கும்போது, ரோட்டிலிருந்து அவர் வீட்டம்மா எஸ்தர் டீச்சர் குரல் கொடுத்தார்: "ஏங்க, மீன்கொழம்பு ஆறுது! சொகமில்லாத மனுசன பேச வச்சிக் கொல்லாதிய!"

"மேலிடத்து உத்தரவு. கல்லிடைக்குறிச்சியிலயே எறங்கிக்கிடுதேன். ஆத்துப் பாலத்தயும் அருவியயும் நாளைக்கு ஓட்டும்" என்று எழுந்தார். "வாரேம்வே."

மறுநாள் சனிக்கிழமை. அவர் வரவில்லை.

"நாகர்கோயில்ல மக வீட்டுக்குப் போயிருக்காவளாம்" என்றாள் பார்வதி, அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

ரோட்டுப் பக்கத்து ஜன்னல் சாத்தியிருந்தது. ஏன் என்றால் தூசி என்றாள். அடை மழைக்குக்கூட அந்த ஜன்னலை அவள் சாத்தினதில்லை. சரி, போகட்டும் என்று பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். சத்தம் தூரத்திலேயே கேட்டது. எங்கள் வண்டியின் இருமல் எனக்குத் தெரியாதா? வந்தது. வேகம் குறைந்தது. பையப் பைய ஊர்ந்து போயிற்று. ஹாரன் இல்லை.

இதை வெளியாட்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் லைனில் இழவு வீட்டைத் தாண்டும்போது ஹாரன் கொடுக்க மாட்டோம். வாசலில் கூட்டம் நின்றாலும், வழி விடாவிட்டாலும், முதல் கியரில் ஊர்ந்து போவோம். நான் விசிலை வாயிலிருந்து எடுத்துவிடுவேன். யாரும் சொல்லித் தந்ததில்லை. கை தானாகச் செய்யும். என் வீட்டு வாசலில் அண்ணாச்சியின் கை தானாகச் செய்திருக்கிறது என்றால்?

மத்தியானம் இசக்கி வந்தான். ரிசல்ட் வந்துவிட்டதா என்று கேட்டு வர அவனை அன்று ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தோம். உள்ளே வரவில்லை. முற்றத்து வெயிலில் நின்றான். என் முகத்தைப் பார்க்காமல் என் கட்டில் காலைப் பார்த்துச் சொன்னான்:

"டாக்டரப் பாத்தேன் அத்தான். ரிசல்ட் வந்துட்டாம். திங்கக்கிழம ஒங்கள நேர்ல கூட்டிட்டு வரச் சொல்லுதாரு."

"என்னன்னு சொல்லலியா?"

"நேர்லதான் பேசணுமாம்."

"சரி, உள்ள வா. ஒரு வாய் தண்ணி குடி."

"வேண்டாம்."

திரும்பினான். போய்விட்டான். 'வாரேன்' என்று சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் 'வாரேன்' என்றுதான் சொல்வார்கள்; கடன்காரன்கூட அதைச் சொல்லாமல் படி இறங்க மாட்டான். சொல்லாமல் எழுந்து போகிற ஒரே இடம் இழவு விழுந்த துஷ்டி வீடுதான். அங்கே போனால் உட்கார்வார்கள், கையைத் தொடுவார்கள், எழுந்து போய்விடுவார்கள். இசக்கி என்னிடம் துஷ்டி கேட்டுவிட்டுப் போய்விட்டான். நான் உயிரோடு இருக்கும்போதே, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல்.

சாயங்காலம் பாட்டுச் சத்தம் கேட்டது. நாலைந்து பேர் சேர்ந்து மெதுவாகப் பாடுகிற ஞானப்பாட்டு. சாரின் சபைக்காரர்கள் முன்பு ஒருநாள் வந்து என் கட்டிலைச் சுற்றி நின்று ஜெபித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்றைக்கு உள்ளே வராமல் ரோட்டில் நின்றே பாடுகிறார்கள் என்றால், டாக்டர் கைவிட்ட கேஸ் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. பி.டி. சார் மட்டும் என் மூஞ்சியில் விழிக்கத் தைரியமில்லாமல் நாகர்கோவிலுக்கு ஓடிவிட்டார். 'பெரிய விளையாட்டு வாத்தியார்!' என்று பல்லைக் கடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் செத்துக்கொண்டிருந்தேன். அதை ஒழுங்காகச் செய்ய வேண்டுமே என்ற படபடப்பு வேறு. முதலில் பார்வதியைக் கூப்பிட்டேன். குரலைத் தழைத்துக்கொண்டு, "பார்வதி, இத்தன வருசத்துல ஒனக்கு நான் எதுலயும் கொற வச்சிருந்தா…" என்று இழுத்தேன்.

"வெண்டைக்காய்ல வச்சிருக்கிய" என்றாள். "வாங்கிட்டு வாரது பூரா முத்தலு."

சரி, அது கைகூடவில்லை. அடுத்து போஸ்டர். எங்கள் ஊரில் ஒரு மனுஷன் செத்தால் மறுநாள் பஸ் ஸ்டாப்பில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் நிற்க வேண்டும். பஸ் கண்டக்டர் செத்தால் எல்லா ஸ்டாப்பிலும் நிற்க வேண்டும். இசக்கிக்கு ரசனை போதாது. கையில் கிடைத்த படத்தைக் கொடுத்துவிடுவான். போனில் தேடினேன். எல்லாப் படத்திலும் இளித்துக்கொண்டு நிற்கிறேன். கண்ணீர் அஞ்சலிக்கு ஏற்ற முகம் ஒன்றுகூட இல்லை. தலைவாரி, திருநீறு பூசி, தலையணையைப் படத்தில் தெரியாமல் இறக்கிப் பிடித்துக்கொண்டு, போனைத் தூக்கிப் பிடித்து, சோகமாக ஒன்று எடுத்தேன். சரியில்லை, மலச்சிக்கல் போலிருந்தது. கொஞ்சம் தெய்வீகமாக இன்னொன்று எடுக்கும்போது பார்வதி வந்துவிட்டாள்.

"என்ன செய்யுதிய?"

"ஆதாருக்கு."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஏதோ இருந்தது. சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. சடக்கென்று திரும்பிச் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனாள். எனக்கு அது போதும். முடிந்தது என்று தீர்மானித்துவிட்டேன். சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்து எனக்காக நானே அழுதேன். அழுவதற்கும் தலையணை வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை நானும் பார்வதியும் இசக்கியும் ஆட்டோவில் போனோம். வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது என் இரண்டு காலும் ஆடின. பார்வதி ஒன்றையும் பிடிக்கவில்லை. அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டார்கள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அவர் வழக்கம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"சுடலைமுத்து, ஒங்களுக்கு டி.பி."

"எங்க சார்?"

"குடல்ல."

டி.பி. என்றால் நெஞ்சில், இருமலில்தான் என்று நினைத்திருந்தேன். குடலிலும் வருமாம். அங்கே தங்கிப் புண்ணாகி, வீங்கி, கட்டி மாதிரி நிற்குமாம். ஸ்கேனில் பார்த்தால் மற்றது மாதிரியே இருக்கும். சதையை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். மாத்திரை பல மாதம், ஒருநாள் விடாமல் சாப்பிட வேண்டும், அதை எடுத்துச் சொல்லத்தான் நேரில் வரச் சொன்னார்.

"அப்பம்… அது?" என்றேன். எனக்கும் அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

"அது இல்ல. மாத்திரைய ஒழுங்காச் சாப்பிட்டா சரியாயிரும்."

நான் வெளியே வந்து காத்திருப்பு வரிசையைப் பார்த்து, "எனக்கு டி.பி.!" என்று கூவினேன். பாபநாசம் வந்துவிட்டது என்று கூவுகிற குரலில். பக்கத்து நாற்காலிகள் மளமளவென்று காலியாயின. "தள்ளிப் போவாதிய, இது ஒட்டாத டி.பி., குடலோட நிக்கது!" என்று அவர்களுக்கு விளக்கினேன். காச நோய் வந்ததற்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருவனை அந்தக் கட்டடம் பார்த்திருக்காது. இசக்கி என் தோளைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினான். 

"வண்டிய நேரா பி.டி. சார் வீட்டுக்கு விடச் சொல்லு" என்றேன். "நாகர்கோயில்லேர்ந்து வந்துட்டாவளா? வரலன்னா போனப் போடு. இந்தக் கோட்டிக்காரன் பொழச்சிட்டான்னு மொதல்ல அவர்ட்ட சொல்லணும். ஆத்துப் பாலம் வேற பாக்கி கெடக்கு."

 பார்வதி அழ ஆரம்பித்தாள். இசக்கிதான் சொன்னான்.

"அத்தான்… சார் சனிக்கிழம விடியக்காலம் போய்ட்டாவ. தூக்கத்துலயே. நெஞ்சுவலின்னு சொல்லுதாவ. நேத்து அடக்கம்."

நான் பார்வதியைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஒங்களுக்கு ரிசல்ட்டு தெரியுத வரைக்கும் சொல்ல வேண்டாம்னு அக்காதான்… நான் அன்னைக்கி சார் வீட்டுத் துஷ்டிக்குப் போய்ட்டுதான் வந்தேன். குளிக்காம எப்பிடி உள்ள வர? ஒங்க மொகத்தப் பாத்தா சொல்லிருவேன்னு பயந்துதான் நிக்காமப் போனேன்."

ஜன்னலும் ஹாரனும் பாட்டும் வெயிலில் நின்ற இசக்கியும் ஒவ்வொன்றாகத் தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்தன. இரண்டு நாளாக நான் அழுததெல்லாம் தப்பான ஆளுக்காக.

சாயங்காலம் தலையணையை வயிற்றோடு பிடித்துக்கொண்டு நாலு வீடு நடந்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு நான் ரோட்டில் நடந்தது அதுதான் முதல்முறை. பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே சாரின் படத்துக்குப் பக்கத்து ஆணியில் விசில் தொங்கியது. எஸ்தர் டீச்சர் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். துஷ்டி வழக்கப்படி அவர் கையைத் தொட்டேன். 

டீச்சர்தான் பேசினார். "ரிசல்ட்டு என்னாச்சி தம்பி?"

"டி.பி.தானாம் டீச்சர். மாத்திரைல சரியாயிருமாம்."

"ஸ்தோத்திரம்" என்று கண்ணை மூடினார். "தெனமும் இதுதான் ஜெபம் அவுகளுக்கு. ஒங்ககிட்ட கிண்டலடிச்சிட்டு வந்து இங்கன மொழங்கால் போடுவாவ."

பிறகு எழுந்து போய், பைபிளுக்குள்ளிருந்து எதையோ எடுத்துவந்து என் உள்ளங்கையில் வைத்தார். எங்கள் டிக்கெட்.

"சட்டைப் பையில இருந்துது. அன்னைக்கி மீன்கொழம்பு சாப்பிடும்போது பூரா இதே பேச்சு. பாபநாசம் வரைக்கும் எடுத்துட்டு கல்லிடைக்குறிச்சியில எறங்க வச்சிட்டாளேன்னு என்னய ஏசிக்கிட்டே தின்னாவ." சிரிக்கப் பார்த்தார், உதடு கோணிக்கொண்டது. "மிச்ச தூரத்துக்கு இந்த டிக்கெட்டு செல்லுமா தம்பி?"

கண்டக்டருக்குச் சட்டம் தெரியும். இறங்கினவர் டிக்கெட்டில் இன்னொருவர் ஏற முடியாது. முந்தின நாள் டிக்கெட் மறுநாள் செல்லாது.

"செல்லும் டீச்சர்" என்றேன்.

"எனக்கு அவுகள மாதிரி கிழவி வேசம்லாம் வராது."

"நீங்க சும்மா ஜன்னலோரம் உக்காருங்க. போதும்."

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. எங்கள் வண்டி வருகிற சத்தம் கேட்டது. அந்த வாசலில் மெதுவாகி, ஹாரன் இல்லாமல் ஊர்ந்து தாண்டியது. நான் எழுந்தேன். துஷ்டி வீட்டில் எப்படிக் கிளம்ப வேண்டுமோ அப்படி, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, டிக்கெட்டை டீச்சர் கையில் திருப்பி வைத்துவிட்டுப் படியை நோக்கித் திரும்பினேன்.

"தம்பி" என்று கூப்பிட்டார். "நாளைக்கு வருவியள்லா? பாலத்துல தண்ணி எம்புட்டுப் போவுதுன்னு பாக்கணும்."

படியில் நின்றேன்.

"வாரேன் டீச்சர்" என்றேன்.